மின்னணுக் கலையில் துறை தாண்டிக் கூட்டு வேலை: கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சென்சாரை எப்படி இணைப்பது, புரொஜெக்டரைச் சுவரோடு எப்படிப் பொருத்துவது, நிரல் எழுதி ஒலியை எப்படி உருவாக்குவது என்று கற்றுத்தர இன்று வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு நடனக்காரரும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பொறியாளரும் மாதக்கணக்கில் ஒரே படைப்பில் உட்கார்ந்து, இருவருமே தனியாக யோசித்திருக்க முடியாத ஒன்றைச் செய்து முடிப்பது எப்படி என்று சொல்லித்தருபவர்கள்தான் குறைவு. நல்ல யோசனையும் நல்ல கருவியும் இருந்தும் பல படைப்புகள் நடுவழியில் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

கலைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பாடமாக ஒரே ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்: 1960-களில் நியூயார்க் கலைஞர்களும், பெல் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகப் பொறியாளர்களும் சேர்ந்து செய்த வேலைகள். நாம் இன்று மாட்டிக்கொள்கிற சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கே ஏற்கெனவே நடந்திருக்கின்றன. வயரிங் வரைபடம், புகைப்படம், படச்சுருள், நேர்காணல் என்று பதிவும் நிறையவே மிஞ்சியிருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பில்லி க்ளூவர் ஸ்வீடனில் வளர்ந்த மின்பொறியாளர். நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் லேசர் தொடர்பான ஆராய்ச்சி செய்தவர். 1960-இல் சிற்பி ஜான் டிங்லி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் இயக்கிக் காட்டியபோது அவருக்கு உதவினார். அங்கிருந்து ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க், இசையமைப்பாளர் ஜான் கேஜ், பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் என்று பழக்கம் விரிந்தது. 1966 அக்டோபர் 13 முதல் 23 வரை நியூயார்க்கின் 69-ஆவது ரெஜிமென்ட் ஆர்மரி என்ற ராணுவக் கூடத்தில், 10 கலைஞர்களும் ஏறக்குறைய 30 பொறியாளர்களும் சேர்ந்து '9 ஈவினிங்ஸ்' என்ற நிகழ்ச்சித் தொடரை நடத்தினார்கள். அதே ஆண்டு க்ளூவர், ராஷன்பெர்க், கலைஞர் ராபர்ட் விட்மன், பொறியாளர் ஃபிரெட் வால்டவர் நால்வரும் 'எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஆர்ட் அண்ட் டெக்னாலஜி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக இ.ஏ.டி.

படி 1: ஒரு படைப்பைப் பிரித்துப் பாருங்கள்

முதலில் எதையும் செய்ய வேண்டாம். ஏற்கெனவே முடிந்த ஒரு கூட்டுப் படைப்பை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரியுங்கள். என் பரிந்துரை, '9 ஈவினிங்ஸ்' மேடையில் நடனக் கலைஞர் லூசிண்டா சைல்ட்ஸ் செய்த 'வெஹிக்கிள்'.

சைல்ட்ஸ் வாளிகளைத் தொங்கவிட்டு ஊசலாட்டினார். பொறியாளர் பீட்டர் ஹிர்ஷ் அதற்காக ஒரு டாப்ளர் சோனாரைச் செய்துகொடுத்தார். அது 70 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கற்றையை அனுப்பும். மனிதக் காதுக்கு அது எட்டாது. அசையும் வாளியில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அனுப்பியதையும் திரும்பியதையும் கலந்தால் கிடைக்கும் வித்தியாசம் மட்டும் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாளி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சோனாரை நோக்கி வந்தால் வித்தியாசம் 800 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஊசலின் முனையில் வாளி ஒரு கணம் நிற்கும்போது ஒலியும் அடங்கும்.

இப்போது ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். கலைஞர் என்ன கேட்டார்? பொறியாளர் என்ன கொடுத்தார்? யாரும் கேட்காமலே என்ன வந்தது? மேலே சொன்னதில் அசைவு ஒலியாக வேண்டும் என்பது முதல் பத்தி. சோனார் இரண்டாவது. ஊசல் திரும்பும் இடத்தில் தானாக விழும் அந்த மௌனம் மூன்றாவது. யாரும் பட்டனை அழுத்தவில்லை, யாரும் தாளம் எண்ணவில்லை. இயற்பியலே நடனத்துக்குள் ஒரு இடைவெளியை வைத்துவிட்டது. கூட்டு வேலை உண்மையில் நடந்ததா என்று எனக்குக் காட்டுவது இந்த மூன்றாவது பத்திதான். அது காலியாக இருந்தால், ஒருவர் ஆர்டர் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் சப்ளை செய்திருக்கிறார், அவ்வளவே.

இதே பயிற்சியை ராஷன்பெர்க்கின் 'ஓப்பன் ஸ்கோர்' படைப்பிலும் செய்யுங்கள். ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லாவும் டென்னிஸ் ஆட்டக்காரர் மிமி கனாரெக்கும் ஆர்மரியின் நடுவே டென்னிஸ் ஆடினார்கள். பொறியாளர் பில் காமின்ஸ்கி ராக்கெட்டின் கைப்பிடிக்குள் ஒரு சிறிய எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை அடக்கினார். கம்பிகளின் அதிர்வை ஒரு கான்டாக்ட் மைக் எடுத்துத் தந்தது. ஒவ்வொரு அடியும் அரங்கம் முழுக்க முழங்க, ஒவ்வொரு அடிக்கும் ஒரு விளக்கு அணைந்தது. முழு இருட்டானதும் ஆட்டம் முடிந்தது. பிறகு சுமார் 500 பேர் இருட்டில் வந்து நின்றார்கள். அகச்சிவப்புக் கேமராக்கள் அவர்களைப் பெரிய திரைகளில் காட்டின. பார்வையாளர்கள் தங்கள் கண்முன்னே இருந்தவர்களைத் திரையில் மட்டுமே பார்க்க முடிந்தது. மூன்றாவது பத்தியில் என்ன எழுதுவீர்கள் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

படி 2: எந்த வகைக் கூட்டு என்று முன்பே முடிவு செய்யுங்கள்

கூட்டு வேலை என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று விதமான வேலைகள் நடக்கின்றன.

முதல் வகை, உதவி. கலைஞருக்குத் தேவை தெளிவாகத் தெரியும். தொழில்நுட்பம் தெரிந்தவர் செய்துகொடுக்கிறார். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் இதைச் செய்துகொண்டே 'நாம் சக படைப்பாளிகள்' என்று சொல்லக் கூடாது. சம்பளம் பேசி, நன்றி சொல்லி முடிக்க வேண்டிய வேலை இது.

இரண்டாம் வகை, பக்கத்துப் பக்கத்து வேலை. கேஜும் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் இயங்கினார்கள். நேர அளவை மட்டும் பேசிக்கொள்வார்கள். இசையும் நடனமும் தனித்தனியே உருவாகி மேடையில்தான் சந்திக்கும். ஒருவர் இன்னொருவரின் வேலையில் கை வைப்பதில்லை. பழக்கமில்லாதவர்களுக்கு இது அலட்சியம் போலத் தெரியலாம். ஆழ்ந்த நம்பிக்கை இல்லாமல் இது சாத்தியமே இல்லை.

மூன்றாம் வகை, பின்னல். 1965-இல் அதே கேஜும் கன்னிங்ஹாமும் செய்த 'வேரியேஷன்ஸ் 5' இதற்கு நல்ல உதாரணம். மின்னணு இசைக்கருவிகள் செய்த ராபர்ட் மூக், தொடாமலே கையசைவால் இசைக்கும் தெரமின் கருவியைப் போன்ற ஆன்டெனாக்களைச் செய்துகொடுத்தார்; அவை மேடையில் கம்பங்களாக நின்றன. பெல் ஆய்வகத்தின் உதவியோடு ஒளியுணர் செல்களும் பொருத்தப்பட்டன. நடனக்காரர்கள் அருகே வரும்போதும் ஒளியை மறைக்கும்போதும் சிக்னல் மாறும். ஆனால் டேப்பிலும் ரேடியோவிலும் என்ன ஓடுகிறது, அதில் எவ்வளவு வெளியே கேட்க வேண்டும் என்பது இசைக்காரர்களின் கையில் இருந்தது. கதவைத் திறப்பது நடனம், உள்ளேயிருந்து என்ன வரும் என்பது இசை. இரண்டு பேருக்குமே முழு அதிகாரம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

உங்கள் குழு முதல் நாளே இந்த மூன்றில் எது என்று வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். ஒருவர் முதல் வகை என்று நினைத்து, மற்றவர் மூன்றாம் வகை என்று நம்பி வேலை செய்தால், மனக்கசப்பு வருவது உறுதி.

படி 3: தீர்வைக் கொண்டுபோகாதீர்கள், ஆசையைக் கொண்டுபோங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வார்ஹால் க்ளூவரிடம் கேட்டது, காற்றில் மிதக்கும் ஒரு மின்விளக்கு. க்ளூவரும் சக பொறியாளர்களும் கணக்குப் போட்டார்கள். அன்றைய பேட்டரியின் எடைக்கு அது நடக்காது என்று தெரிந்தது. சாதாரணமாக இந்த இடத்தில் 'முடியாது சார்' என்று கதை முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. தேடும்போது ஸ்காட்ச்பேக் என்ற பளபளப்பான பிளாஸ்டிக் தாள் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. ஹீலியத்தை எளிதில் கசியவிடாது. சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். க்ளூவர் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். வார்ஹால் விளக்கை அங்கேயே விட்டுவிட்டு, மேகங்கள் செய்யலாம் என்றார். வளைந்த ஓரங்களை எப்படி ஒட்டுவது என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, வார்ஹாலே தாளை மடித்து ஓரத்தை ஒட்டித் தலையணை போலச் செய்துவிட்டார். 1966-இல் லியோ காஸ்டெல்லி கேலரியில் மிதந்த 'சில்வர் கிளவுட்ஸ்' அதுதான்.

முடிவு எத்தனை முறை கை மாறியது என்று கவனியுங்கள். ஆசை கலைஞருடையது, மறுப்பு பொறியாளருடையது, பொருள் பொறியாளர் கொண்டுவந்தது, புதிய வடிவம் கலைஞருடையது. வார்ஹால் மின்விளக்கிலேயே பிடிவாதமாக நின்றிருந்தாலோ, பொறியாளர்கள் 'முடியாது' என்பதோடு நிறுத்தியிருந்தாலோ அந்தக் கேலரியில் எதுவும் மிதந்திருக்காது.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு கதை உண்டு. அங்கே கலைஞர் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1970-இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் இ.ஏ.டி. பெப்சி அரங்கத்தை உருவாக்கியது. அதன் வெள்ளைக் கூரையை மூடுபனியால் மூடும் பொறுப்பை ஃபுஜிகோ நகாயா ஏற்றார். உலகில் முதன்முதலாகச் செயற்கைப் பனித்துகளை உருவாக்கிய இயற்பியலாளர் உகிசிரோ நகாயாவின் மகள் அவர். பனி, நீர், காற்று எல்லாம் வீட்டிலேயே பேசிக் கேட்ட விஷயங்கள். மக்கள் உள்ளே நடந்து, மூச்சுவிடக்கூடிய பனியாக இருக்க வேண்டும், ஆகவே தூய நீர் மட்டுமே, ரசாயனம் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கலிபோர்னியாவில் இருந்த மேக இயற்பியலாளர் தாமஸ் மீயிடம் இந்தக் கோரிக்கை போனது. ரசாயனத்தால் பனி உண்டாக்குவதில் அவருக்கு அனுபவம் இருந்தது. நகாயா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் மீ வேறு வழி தேடினார்: அதிக அழுத்தத்தில் வரும் நீர், மிக நுண்ணிய துளை வழியே பாய்ந்து, எதிரே நிற்கும் ஊசிமுனையில் மோதித் துகள்துகளாகச் சிதறும் நாசில். அப்படி 2,500-க்கும் மேற்பட்ட நாசில்கள் கூரையில் பொருத்தப்பட்டன. பின்னாளில் அதே நுட்பம் பசுமைக்குடில்களுக்கும் குளிரூட்டும் வேலைகளுக்கும் போனது. நகாயா பல நாடுகளில் மூடுபனிச் சிற்பங்களைத் தொடர்ந்து செய்துவந்தார்.

சரி, எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது நிற்பது? நான் பார்க்கும் வேறுபாடு இது. வார்ஹாலுக்கு மிதப்பது முக்கியம். விளக்கு அதற்கு ஒரு வடிவம் மட்டுமே. நகாயாவுக்கு மூச்சுவிடக்கூடிய தூய நீர்தான் படைப்பின் உயிர். ஆகவே பொறியாளரைச் சந்திக்கும் முன் அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரி. எதை மாற்றவே கூடாது என்று ஒரு வரி. மற்றதெல்லாம் மாறலாம் என்று மனதார ஒப்புக்கொள்ளுங்கள். 'அல்ட்ராசோனிக் சென்சார் வைத்து இன்டராக்டிவாக ஒன்று' என்று தொடங்காதீர்கள். 'யாராவது கிட்ட வந்தால் இந்தச் சுவர் வெட்கப்பட வேண்டும்' என்று தொடங்குங்கள். சென்சார் எது என்பதை அவர் சொல்லட்டும். அவருடைய படைப்பாற்றல் அங்கேதான் இருக்கிறது.

படி 4: மற்றவர் துறையில் கேள்வி கேட்குமளவு கற்றுக்கொள்ளுங்கள்

இருவரும் இரண்டு துறையிலும் நிபுணராக வேண்டியதில்லை. அப்படி ஆகிவிட்டால் கூட்டே தேவையில்லை.

கலைஞருக்கு நான் சொல்லும் குறைந்தபட்சப் பாடம்: வோல்டேஜ், கரன்ட், ரெசிஸ்டன்ஸ் மூன்றும் எப்படித் தொடர்புடையவை, மல்டிமீட்டரில் அளப்பது, ஒரு வயரைச் சால்டரிங் செய்வது, ஆர்டுவினோவில் ஒரு எல்.இ.டி.யை எரியவைப்பது. ஆர்டுவினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காகவே உருவானது. மின்னணுவியல் படிக்காதவர்களை மனதில் வைத்துச் செய்த பலகை என்பதால் பயப்படத் தேவையில்லை. ஒன்றிரண்டு வார இறுதிகள் ஒதுக்கினாலே போதும், பேச்சின் தரம் மாறிவிடும்.

பொறியாளருக்கு ஒரே பாடம்: ஒத்திகையில் போய் உட்காருங்கள். லேப்டாப்பைத் திறக்காமல் பாருங்கள். நடனக்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த அசைவை இரண்டு முறை ஒரே மாதிரி செய்கிறார், எதை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார் என்று கவனியுங்கள். எந்த இடத்தில் சென்சார் வைப்பது என்ற பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இருவரும் சேர்ந்து கற்க வேண்டியது தாமதத்தைப் பற்றி. நடனக்காரர் 'ஜதியோடு ஒட்டவில்லை' என்பார். நிரல் எழுதுபவர் 'என் நிரல் வேகமாகத்தான் ஓடுகிறது' என்பார். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும். ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளியிருந்தால் அதிலேயே 30 போய்விடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், காதுக்கு எட்டாத ஒலியால் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சாருக்கு ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே 60 மில்லிசெகண்ட் விடச் சொல்கிறார்கள். இவற்றைக் கூட்டினால் நடனக்காரரின் காது பொய் சொல்லவில்லை என்று தெரியும். ஸ்பீக்கரை அருகே கொண்டுவருவதா, சென்சாரை மாற்றுவதா, தாமதத்தையே நடனத்தில் ஏற்றுக்கொள்வதா என்பது அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய கலை முடிவு.

படி 5: ஆளைத் தேடுவது

1960-களின் இறுதியில் இ.ஏ.டி. கலைஞர்களையும் பொறியாளர்களையும் பட்டியலிட்டு, யாருடைய கேள்விக்கு யார் பொருத்தம் என்று பார்த்துச் சேர்த்துவைத்தது. உங்கள் ஊரில் அப்படி ஒரு அமைப்பு இல்லாமல் இருக்கலாம். பொறியியல் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகம், கருவிகளைப் பகிர்ந்து பொருள்கள் செய்யும் மேக்கர்ஸ்பேஸ், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் கூட்டங்கள், கல்யாண மண்டபங்களுக்கு ஒலி ஒளி அமைப்பவர்கள் என்று தேடலாம். கடைசியில் சொன்னவர்களைத் தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள். கசகசவென்று வயர் ஓடும் இடத்தில் எர்த் இரைச்சலைக் கண்டுபிடித்து அடக்கும் திறமை, பட்டம் வாங்கிய பலருக்கு இருக்காது.

பொறியாளருக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்விக்கு இ.ஏ.டி. ஒரு நல்ல பதில் வைத்திருந்தது. கலைஞரோடு சேர்ந்து செய்த படைப்பில் சிறந்த தொழில்நுட்பப் பங்களிப்பு செய்த பொறியாளருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். வந்த படைப்புகள் 1968-இல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பரிசு வென்றது ஜான் டூப்பூயியின் 'ஹார்ட் பீட்ஸ் டஸ்ட்': கண்ணாடிப் பெட்டிக்குள் நீட்டி இழுத்த ரப்பர் தோலின் மேல் சிவப்புத் தூள், இதயத் துடிப்பின் ஒலி தோலை அதிரவைக்க, தூள் எழும்பி ஒளிக்கற்றையில் சிவப்புக் கூம்பாகத் தெரியும். பரிசு பொறியாளருக்கு என்றால் என்ன அர்த்தம்? நல்ல பொறியியலும் தன்னளவில் போற்றத்தக்க வேலை என்று கலை உலகமே முன்வந்து ஒப்புக்கொள்கிறது. நீங்கள் பணம் கொடுக்க முடியாத நிலையிலும் இந்த மரியாதையைக் கொடுக்க முடியும்.

படி 6: எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்

நண்பர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம் என்று தோன்றும். நட்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு பக்கம் போதும்.

- அழைப்பிதழிலும் சுவரிலும் யார் பெயர் எந்த வரிசையில், எந்த அளவில் வரும்
- நிரலும் சர்க்யூட்டும் யாருக்குச் சொந்தம். வேறு வேலையில் பயன்படுத்தலாமா
- செலவு யாருடையது, வருமானம் வந்தால் எப்படிப் பங்கு
- காட்சி தொடங்கிய பிறகு பழுதானால் யார் வந்து பார்ப்பது, அதற்குப் பணம் எங்கிருந்து
- ஒத்துவராவிட்டால் யார், எப்படி விலகலாம்

நான்காவது வரியைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒசாகா அரங்கத்துக்கு வந்த வினை அதுவே. 90 அடி விட்டத்தில் உள்ளே உருவத்தைப் பிரதிபலிக்கும் ஒரு கோளக் கண்ணாடி, இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வடிவமைத்த பல ஸ்பீக்கர் ஒலியமைப்பு, வெளியே நகாயாவின் பனி என்று எல்லாம் கட்டி முடித்தாயிற்று. அந்த இடத்தில் கலைஞர்கள் தொடர்ந்து நேரடி நிகழ்ச்சிகளை உருவாக்க வேண்டும் என்பது இ.ஏ.டி.யின் கனவு. திறந்த பிறகு நடத்தும் செலவில் தகராறு வந்தது, பெப்சி நிறுவனமும் இ.ஏ.டி.யும் பிரிந்தார்கள். கட்டுவதற்குப் போடும் பட்ஜெட்டும் ஓட்டுவதற்குப் போடும் பட்ஜெட்டும் வேறு வேறு என்பதை முதல் நாளே இரண்டு தனி எண்களாக எழுதிவிடுங்கள்.

படி 7: ஒரு சென்சார், ஒரு ஸ்பீக்கர், ஓர் உடல்

முதல் மாதிரி இதற்கு மேல் போகக் கூடாது. சென்சாரிலிருந்து வரும் ஒரே ஒரு எண், ஒலியின் ஒரே ஒரு குணத்தை மாற்றட்டும். உரப்பையோ சுருதியையோ, ஒன்றை மட்டும். நடனக்காரர் அதோடு கொஞ்ச நேரம் விளையாடட்டும். மற்றவர்கள் பேசாமல் பார்க்கட்டும்.

அப்புறம் இடம் மாறுங்கள். நிரல் எழுதியவர் சென்சார் முன் நின்று அசையட்டும். நடனக்காரர் லேப்டாப்பில் உட்கார்ந்து எண்களை மாற்றட்டும். பத்து நிமிடம் போதும். 'கொஞ்சம் மென்மையாக' என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் இருவர் உடம்பிலும் பதிந்துவிடும்.

படி 8: நடுவே ஒரு தாள்

குழு பெரிதாகும்போது ஒருவர் வேலை இன்னொருவருக்காகக் காத்துக்கிடக்கும். ஒலிக்காரர் சென்சார் வரட்டும் என்பார், சென்சார்க்காரர் மேடை வரட்டும் என்பார். இதை உடைக்க ஒரே வழி, இரண்டு கருவிகளுக்கு இடையே என்ன போகிறது என்பதை முன்பே எழுதிவிடுவது.

மின்னணுக் கலையில் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அதற்கான பொதுவழிகள் இருக்கின்றன. இசைக்கருவிகளுக்கு 1983-இலிருந்து மிடி, விளக்குகளுக்கு டி.எம்.எக்ஸ்., கணினிகளுக்கு இடையே ஓ.எஸ்.சி. எதை எடுத்தாலும் தாளில் இருக்க வேண்டியவை ஒன்றுதான்: செய்தியின் பெயர், எண்ணின் எல்லை, நொடிக்கு எத்தனை முறை. 'வலது கையின் உயரம், 0 முதல் 1 வரை, நொடிக்கு 30 முறை' என்று எழுதியாயிற்றா, ஒலிக்காரர் அன்றைக்கே ஒரு போலி எண்ணை ஓடவிட்டு வேலையைத் தொடங்கலாம். சென்சார் நிஜத்தில் தருவது சென்டிமீட்டராக இருக்கட்டும், வேறு எதுவாகவோ இருக்கட்டும், அதை 0-1 ஆக்கித் தருவது சென்சார்க்காரர் பொறுப்பு. பின்னர் சென்சாரையே மாற்றினாலும் இசை உடையாது.

'9 ஈவினிங்ஸ்' பொறியாளர்களுக்கும் இப்படி ஒரு பொதுவழி தேவைப்பட்டது. வயர்லெஸ் மூலம் ஒலி, ஒளி, மோட்டார் எல்லாவற்றையும் இயக்கும் ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். பத்துக் கலைஞர்களின் படைப்புகளும் ஒரே கருவித் தொகுப்பைப் பகிர வேண்டியிருந்ததால், எது எதோடு சேரும் என்பதைக் காட்டும் வரைபடங்களைப் பொறியாளர் ஹெர்ப் ஷ்னைடர் வரைந்தார். கலைஞருக்கும் புரியும்படி, பொறியாளருக்கும் பயன்படும்படி இருக்கும் வரைபடம் வரையத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அவரைக் கொண்டாடுங்கள்.

படி 9: இடத்துக்குச் சீக்கிரம் போங்கள்

ஆர்மரி என்பது ராணுவப் பயிற்சிக்கான பிரம்மாண்டமான கூடம். ஒலி எழுந்தால் அடங்க 5 நொடிக்குக் குறையாது. கலைஞர்களும் பொறியாளர்களும் வேறு இடத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு, நிகழ்ச்சிக்குச் சில நாள்களுக்கு முன்தான் உள்ளே நுழைந்தார்கள். முதல் இரவுகளில் கருவிகள் சொன்னபடி கேட்கவில்லை. நடன அமைப்பாளர் இவோன் ரெய்னரின் படைப்பில் நிறைய விஷயங்கள் தொலைவிலிருந்து இயங்க வேண்டியிருந்தது, பல இயங்கவில்லை. இடைவேளைகள் நீண்டன. பத்திரிகை விமர்சனங்களில் பல கடுமையாக வந்தன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நாள்கணக்கு. கட்டி முடித்த பிறகு, உண்மையான இடத்தில், உண்மையான கரன்ட் கனெக்‌ஷனில் ஓட்டிப் பார்க்கத் தனியே நாள் கேளுங்கள். அரங்கக்காரர்கள் ஒரு நாள் தந்தால் இரண்டு கேளுங்கள். முதல் நாள் தொழில்நுட்பத்துக்கு மட்டும். நடனக்காரரை வரவழைத்துக் காத்திருக்க வைக்காதீர்கள். காத்திருந்து குளிர்ந்துபோன உடம்பு அடிபடும். ஒவ்வொரு கருவிக்கும் 'இது செத்துவிட்டால் என்ன செய்வோம்' என்று ஒரு வரி எழுதிவையுங்கள். கையால் இயக்கும் ஒரு வழி எப்போதும் இருக்கட்டும்.

கூடவே, இடம் தருவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேஜ் தன் 'வேரியேஷன்ஸ் 7' படைப்பில் முன்பே பதிவுசெய்த ஒலி எதையும் பயன்படுத்தாமல், அந்த நேரத்தில் காற்றிலும் கம்பியிலும் இருப்பதை மட்டும் எடுத்தார். ஆர்மரிக்குள் 10 தொலைபேசி இணைப்புகள் இழுக்கப்பட்டன. அவை நகரின் ஒரு உணவகம், மின் நிலையம், தொலைந்த நாய்களின் காப்பகம், நியூயார்க் டைம்ஸின் அச்சகம், கன்னிங்ஹாமின் நடனக்கூடம் போன்ற இடங்களோடு திறந்தபடி இருந்தன. தொலைபேசி ஆராய்ச்சி செய்யும் பொறியாளர்களுக்குத் தினம் கையாளும் பொருள் அது. அவர்கள் கையில் சாதாரணமாக இருப்பது எது என்று கேட்டாலே பாதி யோசனை கிடைத்துவிடும்.

படி 10: பதிவு

இதைக் கடைசியில் வைத்தாலும், முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை.

டியூடர் 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மூக் சின்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். இதற்குப் பின்னால் கேஜின் நெடுநாள் தோழியும் இசைக்கலைஞருமான கீதா சாராபாயின் முயற்சி இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியக் கலைஞர்கள் அந்தக் கூடத்தில் ஒலி நாடாக்களில் பல வேலைகளைப் பதிவு செய்தார்கள். பிறகு அவை நிறுவனத்தின் காப்பகத்திலேயே பல பத்தாண்டுகள் பேசப்படாமல் கிடந்தன. லண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் புர்காஸ் தேடிப் போய் எடுத்த பிறகுதான் இந்தியாவின் தொடக்ககால மின்னணு இசையை நாம் கேட்க முடிகிறது. நாடாவாவது தப்பியது. நிரலாக மட்டும் இருக்கும் இன்றைய படைப்புக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைப்பது சந்தேகம். இயங்குதளத்தின் இரண்டு புதிய பதிப்புகள் வந்தாலே பலவும் திறக்காது.

அதனால் ஒரு கோப்புறை வையுங்கள். நிரல், அதன் பதிப்பு எண், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் ஓடியது, வயரிங்கின் புகைப்படம், படி 8-இன் தாள், ஒத்திகைக் குறிப்புகள், வெட்டாத முழு வீடியோ ஒன்று, யார் எந்த முடிவை எப்போது எடுத்தார் என்ற நாள்குறிப்பு. படி 1-இல் போட்ட அந்த மூன்று பத்திகளை இப்போது உங்கள் சொந்தப் படைப்புக்கு நிரப்பி, அதையும் உள்ளே போடுங்கள். கலைஞர் தனியாகவும் பொறியாளர் தனியாகவும் எழுதிவிட்டு ஒப்பிடுவது இன்னும் நல்லது. மூன்றாவது பத்தியில் இருவரும் வேறு வேறு விஷயம் எழுதியிருந்தால் அடுத்த படைப்புக்கான பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

கோப்புறை முடிந்ததும், குழுவில் இல்லாத ஒருவரை அழைத்து, கருவிப் பெட்டியையும் கோப்புறையையும் கையில் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் ஓரமாக உட்காருங்கள். அவர் எந்த வயரை எங்கே செருகுவது என்று தெரியாமல் நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே கோப்புறையில் சேர்த்துவிடுங்கள்.